அலமாரியில் இல்லாத வரலாறு



எங்கள் மஹல்லா நூலகத்தை ரமழானுக்குப் பின் ஒழுங்குபடுத்தினோம். வரலாற்று அலமாரியைத் துடைத்து அடுக்கியபோது ஒன்று மனத்தை உறுத்தியது. பத்ரு, உஹது, கைபர், சிலுவைப் போர்கள் என்று பெரும்பாலான நூல்கள் போர்க்களங்களையே பேசின. ஹுதைபிய்யாவைப் பற்றித் தனியாக ஒரு சிறு நூல்கூட இல்லை.

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1400 ஸஹாபாக்களுடன் உம்ராவுக்குப் புறப்பட்ட நபி (ஸல்) அவர்கள், கஅபாவைக் காணாமலேயே திரும்பினார்கள். உடன்படிக்கையின் நிபந்தனைகள் உமர் (ரலி) அவர்களுக்கே பொறுக்கவில்லை. ஆயினும் அல்லாஹ் அதைத் தெளிவான வெற்றி என்றான். ஈராண்டுகளில் மக்காவுக்குச் சென்றோர் பத்தாயிரம் பேர். மக்கள் அச்சமின்றிச் சந்தித்துப் பேச வாய்த்த அமைதிக் காலமே இப்பெருக்கத்திற்குக் காரணம் என்பது இமாம் ஸுஹ்ரீ (ரஹ்) அவர்களின் கருத்து.

இந்தப் பொறுமையைத் தம் காலத்தில் ஓர் இயக்கமாகவே கட்டியெழுப்பியவர் கான் அப்துல் கஃப்பார் கான். 1890இல் பெஷாவருக்கு அருகே உத்மான்ஸையில் பிறந்த பட்டாணியர். நம் பாடநூல்கள் அவரை ‘எல்லை காந்தி’ என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொள்கின்றன. அப்பெயரில் எனக்கு முழு உடன்பாடில்லை. காந்தியடிகளை அவர் பெரிதும் மதித்தார், உண்மைதான். ஆனால் தம் ஆயுதம் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த ஸப்ரே என்று அவரே தம் மக்களிடம் சொல்லிவந்தார்.

அவர் தொடங்கியது பள்ளிக்கூடங்களிலிருந்து. பழிக்குப் பழி என்று தலைமுறைகளாகக் குடும்பங்கள் அழிந்துகொண்டிருந்த மண்ணில், ஊர் ஊராக நடந்து கல்வியைப் பேசினார். 1928இல் ‘பக்தூன்’ என்ற பஷ்தூ இதழை நடத்தத் தொடங்கினார். மறு ஆண்டு ‘குதாயீ கித்மத்கார்’, அதாவது இறைவனின் ஊழியர்கள், என்ற அமைப்பு பிறந்தது. பழிவாங்குவதில்லை, வன்முறையில் இறங்குவதில்லை, நாள்தோறும் இரண்டு மணி நேரமேனும் மக்கள் பணி செய்வது என்று உறுப்பினர்கள் உறுதிமொழி எடுத்தனர். வெள்ளை ஆடை விரைவில் அழுக்காகிறது என்பதால் செங்கல் நிறச் சாயத்தில் தோய்த்துக்கொண்டனர். ‘செஞ்சட்டையினர்’ என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

1930 ஏப்ரலில் ராஜாஜியின் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்திற்கு உப்பெடுக்க நடந்தது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அதே ஏப்ரல் 23ஆம் நாள், கஃப்பார் கான் கைதான செய்தி கேட்டுப் பெஷாவரின் கிஸ்ஸா கானீ கடைத்தெருவில் மக்கள் திரண்டனர். படையினர் சுட்டனர். நிராயுதபாணிகள் ஏராளமானோர் உயிரிழந்தனர். அரசு சொன்ன எண்ணிக்கையை அவ்வூர் மக்கள் ஒருபோதும் ஏற்கவில்லை. சந்திர சிங் என்ற இந்துவும் அவருடைய கடுவாலிப் படைவீரர்களும் அக்கூட்டத்தின்மீது சுட மறுத்து, நீண்ட சிறைத்தண்டனையை ஏற்றனர்.

ஆங்கிலேயர் போனபின் இத்துன்பம் முடிந்துவிடவில்லை. இதைச் சொல்ல நாம் தயங்கக் கூடாது. 1948 ஆகஸ்ட் 12ஆம் நாள் சார்சத்தா அருகே பாப்ராவில் இதே தொண்டர்கள்மீது மீண்டும் துப்பாக்கிச்சூடு நடந்தது. இம்முறை ஆண்டவர்களும் முஸ்லிம்களே. அமைப்பு தடை செய்யப்பட்டது. கஃப்பார் கான் பாகிஸ்தானிலும் பல ஆண்டுகள் சிறையிலிருந்து, 1988இல் மறைந்தார்.

ஓர் இயக்கத்தை ஒடுக்குவோர் அதன் தாள்களையும் விட்டுவைப்பதில்லை. அவருடைய தன்வரலாறு பஷ்தூவில் காபூலிலிருந்து வெளிவந்தது 1983இல்தான். முகுலிகா பானர்ஜி என்ற ஆய்வாளர் 1990களில் எல்லைப்புறத்திற்குச் சென்று, எஞ்சியிருந்த முதிய தொண்டர்களை நேரில் கண்டு அவர்கள் சொன்னவற்றைப் பதிவுசெய்தார். தாள்கள் அழிந்த இடத்தில் முதியவர்களின் நினைவே நூலாயிற்று.

எங்கள் அலமாரியில் இப்போது ஒரு தட்டைக் காலியாக வைத்திருக்கிறோம். ஹுதைபிய்யாவுக்கும் கஃப்பார் கானுக்கும் அடுத்து, ஆதமின் இரு மைந்தர் வரலாற்றிலிருந்து வன்முறை மறுப்பை விளக்கி 1966இல் நூலெழுதிய சிரிய அறிஞர் ஜவ்தத் ஸஈதும் அங்கே இடம்பெற வேண்டும். இவற்றில் பல தமிழில் எளிதில் கிடைப்பதில்லை. அரபியும் உருதும் அறிந்த எங்கள் மாணவர்களிடம் மாதம் ஒரு கட்டுரையைத் தமிழாக்கும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறேன். தட்டின் ஓரத்தில் ஒரு கோடிட்ட நோட்டும் இருக்கிறது. நம் ஊரில் கலவரம் மூளவிருந்த நாள்களில் அதைத் தடுத்துநிறுத்திய பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அஸருக்குப் பின் அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் அதில் எழுதுகிறார்கள். இதுவரை நான்கு பக்கங்கள் நிரம்பியுள்ளன.