கண்ணாடியைச் சுற்றி ஒரு கட்டைச் சுவர்



கூரையில் கண்ணாடி பதித்து வெளிச்சம் வாங்குவதைப் பற்றி யார் பேசினாலும் கண்ணாடியின் பெருமையைத்தான் பேசுகிறார்கள். அந்தக் கண்ணாடி உட்கார்ந்திருக்கும் கட்டைச் சுவரை யாரும் கண்டுகொள்வதில்லை. தட்டைக் கூரையில் திறப்பு விட்டால், நாலு பக்கமும் சிறு சுவர் எழுப்பி அதன் தலையில்தான் கண்ணாடியை வைக்க வேண்டும். இங்கிலாந்தில் இதை அப்ஸ்டாண்ட் என்கிறார்கள். இதன் சரித்திரத்தை இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

ரோம் நகரத்துப் பாந்தியன் கோயிலின் உச்சியில் ஏறக்குறைய 9 மீட்டர் அகலத்துக்கு வட்டத் திறப்பு உண்டு. கண்ணாடியே கிடையாது. மழை உள்ளே விழும், தரையில் உள்ள துளைகள் வழியே வடிந்துவிடும். கோயிலுக்கு அது சரி. அடுப்படிக்கு ஆகுமா?

லண்டனுக்குத் தெற்கே டல்விச் ஓவியக் கூடத்தை ஜான் சோன் என்ற கட்டடக் கலைஞர் கட்டினார். 1817-இல் திறந்தார்கள். சுவரெல்லாம் ஓவியம் மாட்ட வேண்டும், ஆகவே ஜன்னலுக்கு இடமில்லை. அவர் கூரைக்கு மேலே கூண்டு மாதிரி எழுப்பி அதில் கண்ணாடி பொருத்தினார். திறப்பைக் கூரை மட்டத்திலிருந்து உயர்த்திவிட்டால், கூரையில் ஓடும் தண்ணீர் அதை எட்டாது. எனக்கு இந்த மனிதரை மிகவும் பிடிக்கும்.

அடுத்தவர் ஜோசப் பாக்ஸ்டன். தோட்டக்காரராக வேலை பார்த்தவர். 1845-இல் இங்கிலாந்தில் கண்ணாடி வரி நீங்கியது. ஆறே வருடத்தில், 1851-இல், லண்டன் ஹைட் பார்க்கில் சுமார் 3 லட்சம் கண்ணாடிகளால் படிகமாளிகையைக் கட்டி நிறுத்தினார். கண்காட்சி நடந்த ஐந்தரை மாதத்தில் 60 லட்சம் பேர் வந்து போனார்களாம். அத்தனை பேர் விடும் மூச்சும் ஈரம்தானே! அந்த ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டால் துளித்துளியாக நிற்கும். வகுப்பில் குளிர்ந்த தண்ணீர்ச் சொம்பை மேசைமேல் வைத்து, வெளிப்பக்கம் எப்படி வியர்க்கிறது என்று காட்டினேனே, அதேதான். பாக்ஸ்டன் இதைப் பசுமைக் குடில்களில் பார்த்துப் பழகியவர். அதனால் கூரையின் மர வாய்க்காலில் மழைக்கு ஒரு பள்ளமும், உள்பக்கத்து ஈரத்துக்கு இரண்டு சின்னப் பள்ளங்களும் செதுக்க வைத்தார். அப்படியும் மாளிகை மழைக்கு ஒழுகியது, அது வேறு கதை. ஆனால் மேலிருந்து சொட்டும் தண்ணீரில் மழை ஒரு வகை, வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பும் ஈரம் இன்னொரு வகை என்று பிரித்துப் பார்த்தாரே, அதைச் சொல்ல வந்தேன்.

இருபதாம் நூற்றாண்டில் தட்டைக் கூரை பெருகியது. அதன்மேல் தார் ஷீட், கட்டைச் சுவர், தலையில் பிளாஸ்டிக் குமிழ். எரிபொருள் மலிவாக இருந்தவரை சூடு வெளியே போவதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1973 அக்டோபரில் தொடங்கிய எண்ணெய் நெருக்கடியில், சில மாதத்துக்குள் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. அதன் பிறகு குளிர் நாடுகளில் கூரைக்குக் கனமான வெப்பக்காப்புப் பலகை வந்தது, கண்ணாடி இரண்டடுக்கானது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் கட்டைச் சுவரைப் பல இடங்களில் மறந்துவிட்டார்கள். போர்வைக்கு வெளியே நீட்டிய கால் மாதிரி அது மட்டும் குளிர்ந்து கிடந்தது.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் இப்போது இங்கிலாந்தில் இருக்கிறாள். அடுப்படியை நீட்டிக் கட்டி, மேலே கண்ணாடி வைத்தாள். முதல் குளிர்காலமே சொட்டத் தொடங்கியது. ஒப்பந்தக்காரர் இரண்டு முறை ஷீட்டை மாற்றினார், இரண்டு முறையும் பணம் வாங்கினார். "மழை நாளில் அதிகமா, பனி நாளில் அதிகமா?" என்று கேட்டேன். "பனி நாளில்தான் டீச்சர். மழையே இல்லாதபோதும் சொட்டுது" என்றாள். உள்பூச்சுப் பலகையைக் கழற்றிப் பார்த்தால் வெறும் மரச்சட்டம். காப்பு ஒரு துண்டு கூட இல்லை. அறை 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்த இடமும் வியர்க்கும். சமைக்கும் நேரத்தில் கேட்கவே வேண்டாம்.

இப்போது சரியாகச் செய்கிறார்கள். கூரையின் காப்புப் பலகை கட்டைச் சுவரின் வெளிப்பக்கமும் இடைவெளி விடாமல் ஏறி, கண்ணாடிச் சட்டத்தைத் தொடுகிறது. உள்ளே நீராவித் தடுப்புத் தாளும் அப்படியே சட்டம் வரை ஏறி ஒட்டப்படுகிறது. ஷீட்டை அதன்மேல் சுற்றி உச்சி வரை கொண்டுபோகிறார்கள். கண்ணாடி லேசான சரிவில் உட்காரும், தண்ணீர் தேங்காது.

அங்கே கூரை வேலை வைத்திருக்கும் பிள்ளைகள் இன்னொன்றையும் பாருங்கள். கட்டைச் சுவர் குறைந்தது 150 மில்லிமீட்டர் உயரம் வேண்டும் என்பார்கள். அதைக் காப்பும் ஷீட்டும் போட்டு முடித்த கூரை மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். பலகையே 150 இருந்தால், மரச்சட்டத்தை அடித்தளத்திலிருந்து 300-க்கு மேல் எழுப்பச் சொல்லுங்கள். உள்பூச்சுப் பலகை அடித்து மூடுவதற்கு முன்னால் ஏணி போட்டு ஏறி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.