இலை சிவக்கும் மலைச்சாலை

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் நம் வயதுக்காரர்களுக்கு 'ஃபால் கலர்ஸ்' என்ற சொல் இப்போது நன்றாகவே பழகிவிட்டது. அக்டோபர் வந்தால் மலைமேல் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். வாஷிங்டன் பக்கம் இருப்பவர்கள் பெரும்பாலும் போவது வர்ஜீனியாவின் ஸ்கைலைன் டிரைவுக்குத்தான். என் மகள் குடும்பமும் என்னை அங்கேதான் கூட்டிப் போனது. அந்தச் சாலையின் கதையைப் பிறகு தேடிப் படித்தேன். அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சாலையைப் பற்றி. ஷெனன்டோவா தேசியப் பூங்காவுக்குள், புளூ ரிட்ஜ் மலையின் முதுகின் மேலேயே 105 மைல் நீளத்துக்கு ஓடுகிறது. வேகம் மணிக்கு 35 மைல்தான். இரு பக்கமும் பள்ளத்தாக்கு தெரியும்படி, வண்டியை ஓரங்கட்டி நின்று பார்க்க ஏறக்குறைய எழுபது இடங்கள் அமைத்திருக்கிறார்கள். சாலையின் உயரமான இடம் சுமார் 3,680 அடி. நம் ஏற்காட்டைவிடவும் குறைவுதான்.

நிறம் மாறுவது உச்சியில் தொடங்கி நாளுக்கு நாள் கீழே இறங்கி வரும். பகல் குறுகிக் குளிர் கூடும்போது இலை பச்சையம் உண்டாக்குவதை நிறுத்திவிடுகிறது. அதுவரை பச்சைக்குள் மறைந்திருந்த மஞ்சள் அப்போது வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல. இலையில் தேங்கும் சர்க்கரையிலிருந்து அந்தச் சமயத்தில்தான் அது உருவாகிறது. பகல் நல்ல வெயிலும் இரவு உறையாத குளிருமாக இருந்த வருடம் சிவப்பு தூக்கலாக இருக்கும். ஹிக்கரி மரம் மஞ்சள், மேப்பிள் சிவப்பு, ஓக் செம்பழுப்பு.

சாலை வேலை 1931ல் தொடங்கியது. அப்போது ஹூவர் ஜனாதிபதி. இந்த மலையிலேயே அவருக்கு ஓய்வு முகாம் ஒன்று இருந்தது. பொருளாதார மந்தமும் 1930ன் கடும் வறட்சியும் சேர்ந்து அடிவாரத்து விவசாயிகளை முடக்கிப் போட்டிருந்தன. வறட்சி நிவாரணப் பணத்தில் அவர்களுக்குக் கூலி கொடுத்துச் சாலை போட ஆரம்பித்தார்கள். 1933ல் ரூஸ்வெல்ட் வந்தபின் வேலையில்லாத இளைஞர்களுக்கான சி.சி.சி. என்ற திட்டம் வந்தது. மாதம் 30 டாலர் சம்பளம். அதில் 25 டாலர் நேராகப் பெற்றோருக்குப் போய்விடும். அந்தப் பையன்கள்தான் சரிவுகளைச் சீராக்கினார்கள், ஓரத்துக் கல்சுவர்களைக் கட்டினார்கள், செடிகளை நட்டார்கள். 1934ல் நடுப்பகுதி திறக்கப்பட்டது, 1939ல் முழுச்சாலையும் முடிந்தது.

இதுவரை எல்லாம் நல்ல செய்தி. ஆனால் அந்த மலை வெறும் காடாக இருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அங்கே ஜனங்கள் குடியிருந்தார்கள். சோளம் போட்டார்கள், ஆப்பிள் தோட்டம் வைத்தார்கள், மாடு மேய்த்தார்கள். செஸ்ட்நட் கொட்டையும், தோல் பதனிட மரப்பட்டையும் விற்றார்கள். 1904ல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோய் மெல்லப் பரவி இந்த மலையின் செஸ்ட்நட் மரங்களையும் அழித்தது. அதில் பாதிப் பிழைப்பு போயிற்று.

மீதியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நிலத்தை மாநிலம் வாங்கி, ஆள் யாரும் இல்லாமல் காலிசெய்து ஒப்படைத்தால்தான் பூங்கா என்பது மத்திய அரசின் நிபந்தனை. அதற்காக வர்ஜீனியா 1928ல் ஒரு சட்டம் போட்டது. நிலம் நிலமாகத் தனித்தனி வழக்குப் போடாமல், ஒரு மாவட்டத்தின் நிலத்தை ஒட்டுமொத்தமாகக் கையகப்படுத்தலாம் என்றது அந்தச் சட்டம். நிலச்சொந்தக்காரர் ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போய் 1935ல் தோற்றார். அதே வருடம் டிசம்பரில் பூங்கா உருவானது. ஏறக்குறைய 500 குடும்பங்கள் வெளியேறின.

நான் வருவாய்த்துறையில் நில எடுப்புப் பிரிவில் பல வருடம் இருந்தவன். அதனால் என் கண் ஒரு விஷயத்தில்தான் நின்றது. இழப்பீடு கிடைத்தது பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு மட்டும். பலர் குத்தகைக்கோ, அனுபவத்திலோ இருந்தவர்கள். அவர்களுக்கு நிலத்துக்கென்று ஒரு காசும் இல்லை. நம் ஊரில் 1894ம் வருடச் சட்டத்தின்கீழ் நடந்த எத்தனையோ கோப்புகளில் நான் பார்த்த அதே கதை. நாற்பது வருடம் உழுதவனின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. அந்த மலைவாசிகளை நாகரிகம் அறியாதவர்களாகக் காட்டி 1933ல் ஒரு புத்தகமும் வந்தது. ஆட்களை அப்புறப்படுத்துவதற்கு முன்னால் அவர்களை இளக்காரமாக எழுதிவைப்பதும் எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

வயதான சிலரை மட்டும் சாகும்வரை இருந்துகொள்ளுங்கள் என்று விட்டார்கள். அவர்களில் கடைசி ஆள், ஒரு மூதாட்டி, 1979ல் இறந்தார்.

இன்று நாம் கண்குளிரப் பார்க்கும் காட்டில் பெரும்பகுதி, அவர்கள் போனபிறகு அவர்களுடைய வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும் தானாக வளர்ந்தது. சாலையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பட்டினி கிடந்த பல வீடுகளில் அடுப்பெரியச் செய்தது அது. இன்று லட்சக்கணக்கானவர்கள் அதில் போய் மகிழ்கிறார்கள். ஆனால் ஒரு வீட்டில் அடுப்பெரிய இன்னொரு வீட்டின் அடுப்பை அணைக்கத்தான் வேண்டுமா, அணைத்தாலும் அந்தக் குத்தகைக்காரனுக்கு நாலு காசு கொடுத்திருக்கக் கூடாதா என்பதுதான் என் கேள்வி.

சமீப வருடங்களில் அடிவாரத்து ஊர்களில் கல் புகைபோக்கி வடிவில் நினைவுச் சின்னங்கள் கட்டி, வெளியேறிய குடும்பங்களின் பெயர்களைப் பொறித்து வருகிறார்கள். தாமதம்தான், ஆனாலும் நல்ல காரியம்.

உங்கள் பிள்ளைகள் அக்டோபரில் அங்கே கூட்டிப் போனால் வார நாளில் காலையிலேயே போங்கள்; சனி, ஞாயிறு கூட்டம் தாங்காது. முழங்கால் ஒத்துழைத்தால் சாலையை விட்டு இறங்கி ஒரு காட்டுப் பாதையில் கொஞ்சதூரம் நடந்து பாருங்கள். மரங்களுக்கு நடுவே வரிசையாக அடுக்கிய கற்கள் தென்பட்டால் அது யாரோ ஒருவரின் வயல் வரப்பு. காட்டுக்குள் சம்பந்தமில்லாமல் ஓர் ஆப்பிள் மரம் நின்றால், பக்கத்தில் ஒரு வீடு இருந்தது என்று அர்த்தம்.