சாம் குக்: பாட்டும் கணக்கும்



சென்ற மாதம் என் நிகழ்ச்சியில் அமெரிக்கப் பாடகர் சாம் குக்கின் பாடலொன்றை ஒலிபரப்பினேன். "இவர் ஆர், கொஞ்சம் சொல்லுங்கோ" என்று சில நேயர்கள் தொலைபேசியில் கேட்டார்கள். அவருடைய இசையை விளக்க என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் கணக்காளன். அவருடைய கணக்கைச் சொல்கிறேன்.

1931இல் மிசிசிப்பி மாநிலத்துக் கிளார்க்ஸ்டேலில் ஒரு கறுப்பினப் போதகரின் மகனாகப் பிறந்து சிக்காகோவில் வளர்ந்தார். 19 வயதில் 'சோல் ஸ்டிரர்ஸ்' என்ற புகழ்பெற்ற பக்திப்பாடற் குழுவின் முன்னணிப் பாடகரானார். தேவாலயத்தில் பாடியவர் காதற்பாட்டுப் பாடுவதை அந்த இரசிகர்கள் ஏற்கமாட்டார்கள். ஆகவே 1956இல் முதல் மெல்லிசைத் தட்டை 'டேல் குக்' என்ற பெயரில் பாடினார். குரல் காட்டிக் கொடுத்துவிட்டது.

1957இல் 'யூ சென்ட் மீ' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. எழுதியவர் சாம்தான். ஆனால் எழுதியவராகப் பதிவானது தம்பி எல்.சி.யின் பெயர். பதிப்புரிமைப் பணம் பழைய கொம்பனிக்குப் போகாதிருக்கவே இந்த ஏற்பாடு.

பாடினால் கூலி, உரிமை இருந்தால் வருமானம். இதை அவர் விளங்கிக்கொண்டார். நண்பர் ஜே.டபிள்யூ. அலெக்சாண்டருடன் பாடற் பதிப்பு நிறுவனமும் 'சார்' என்ற இசைத்தட்டு நிறுவனமும் நடத்தினார். பொபி வோமக் போன்ற இளைஞர்கள் அங்கேதான் வளர்ந்தார்கள்.

1960இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் சேர்ந்தார். 1963இல், கணக்கியல் படித்த அலன் க்ளைன் அதன் புத்தகங்களை ஆராய்ந்து, சாமுக்குச் சேரவேண்டிய பணத்தைக் கண்டுபிடித்தார். புதிய ஒப்பந்தத்துக்காக சாமின் மகள் பெயரில் 'ட்ரேசி லிமிட்டெட்' உருவானது. பெயர் மகளுடையது, உரிமையாளரோ க்ளைன். சாமுக்குக் கிடைத்தது முன்னுரிமைப் பங்குகள். எங்கள் ஊரில் சொல்வதானால், வளவு ஒருவருடையது, உறுதி இன்னொருவர் பெயரில்.

அதே ஆண்டு ஒக்டோபரில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரில் ஒரு விடுதி அவருக்கு அறை மறுத்தது. எதிர்த்துக் கேட்டவரைப் பொலிஸ் கைது செய்தது. அதன்பின் எழுதியதே 'எ சேஞ்ச் இஸ் கோனா கம்'. 1964 ஜனவரியில் ஒலிப்பதிவானது. டிசம்பர் 11ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸ் விடுதியொன்றில் சாம் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 33. அப்பாடல் தனித்தட்டாக வந்தது அதன் பிறகுதான். சிவில் உரிமைப் போராட்டம் அதைத் தன் பாட்டாக எடுத்துக்கொண்டது. அவருடைய பல பாடல்களின் உரிமையோ க்ளைன் நிறுவிய அப்கோ நிறுவனத்திடம் சேர்ந்தது.

கொம்பனியின் கணக்கில் பிழை கண்டுபிடித்துத் தந்தவரிடமே தன் கணக்கையும் முழுதாக ஒப்படைத்தார் சாம். என் தொழிலைச் சேர்ந்தவரைப் பற்றித்தான் சொல்கிறேன், குறை நினைக்கவேண்டாம். பாடுகிற பிள்ளைகளுக்கும் கடை நடத்தும் பெற்றோருக்கும் ஒன்று: எவ்வளவு நம்பிக்கையான கணக்காளர் தாளை நீட்டினாலும், கையெழுத்து வைக்கமுன் "இது ஆரின்ர பேரிலை?" என்று கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள்.