ஃபென்டனின் ஒளிப்பட வண்டி

கிரிமியப் போரைப் படமெடுக்க ஆங்கிலேய ஒளிப்படக் கலைஞர் ரோஜர் ஃபென்டன் 1855 மார்ச்சில் பாலக்லாவா துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்கிய நடமாடும் இருட்டறை. முன்பு ஒயின் வியாபாரி ஒருவரிடம் இருந்த குதிரை வண்டி. அன்றைய ஈரக் கொலோடியன் முறையில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். இருட்டறை கூடவே வராமல் வேலை நடக்காது. வெயில் ஏறினால் வண்டிக்குள் உலைச்சூடு. பூசும்போதே தகடு காய்ந்துவிடும். வெளிர்நிற வண்டி ரஷ்யப் பீரங்கிகளுக்கு நல்ல குறியாகவும் ஆனது. உதவியாளர் மார்கஸ் ஸ்பார்லிங் வண்டியோட்டி இருக்கையில் அமர்ந்திருக்கும் படம் பெயர்பெற்றது. ஜூனில் கிரிமியாவை விட்டுப் புறப்படும்போது ஃபென்டனிடம் 350-க்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. பிணங்கள் அவற்றில் இல்லை. முகாமும் அதிகாரிகளுமே மிகுதி. ஓடும் சண்டையைப் பிடிக்க அந்தத் தகடுகளால் முடியாது என்பது உண்மைதான். ஆனால் பிணம் அசைவதில்லையே. படங்களை விற்றாக வேண்டிய கவலையும் இருந்திருக்கும்.