1977க்கு முன் தமிழ்த் திரை கிராமத்தைக் கண்டதில்லையா?

தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுதுவோர் அனைவரும் ஏறத்தாழ ஒரே இடத்தில் கோடு கிழிக்கின்றனர். 1977 செப்டம்பரில் பாரதிராஜாவின் '16 வயதினிலே' வெளிவந்தது. அதுவரை படப்பிடிப்புத் தளத்துக்குள் அட்டையாலும் சாயத்தாலும் எழுப்பப்பட்டிருந்த கிராமம் அன்றுதான் வெயிலுக்கு வந்தது. நாடக மேடையின் செந்தமிழைப் பேசிக்கொண்டிருந்த மாந்தர் அன்றுதான் ஊர்ப் பேச்சைப் பேசத் தொடங்கினர் என்பது அந்தக் கோட்டின் சாரம். பருவத் தேர்வு விடைத்தாள்களிலும் கருத்தரங்கக் கட்டுரைகளிலும் இது மேற்கோளே தேவைப்படாத உண்மையாக நடமாடுகிறது. படத்தின் மீது எனக்குக் குறையேதும் இல்லை. அதன் பெருமைக்குச் சொல்லப்படும் இரு காரணங்களும் வரலாற்றுச் சோதனையில் நிற்கவில்லை என்பதே என் வாதம்.

முதலில் நிலம். தமிழ் மண்ணின் வாசனையை முதன்முதலில் திரைக்குக் கொண்டுவந்ததாகப் போற்றப்படும் இப்படத்தின் பெரும்பகுதி மைசூரு, கொள்ளேகால் பகுதிகளில், அதாவது கர்நாடகத்தில் எடுக்கப்பட்டது. இதை ஒரு வேடிக்கைத் துணுக்காகச் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். ஆனால் இதற்கு ஒரு நிர்வாக வரலாறு உண்டு. கொள்ளேகால் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த வட்டம். மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போதுதான் மைசூர் மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. ஆக, ஒளிப்பதிவாளர் நிவாஸின் காமிரா கண்ட வயல்கள் இருபத்தோர் ஆண்டுகளுக்கு முன்பு வரை சென்னை மாநில வரைபடத்துக்குள் இருந்தவை. தேனியை அடுத்த அல்லிநகரத்தில் பிறந்த இயக்குநரின் நினைவில் இருந்த ஊர், கொள்ளேகாலின் வெளியில் உருப்பெற்றது. மண் என்று விமர்சகர்கள் சொன்னது ஒரு வரைபடத்தை அன்று, ஒரு சாயலை.

இந்தக் கன்னடத் தொடர்பு நிலத்தோடு முடிவதில்லை. பாரதிராஜா தொழில் கற்ற இயக்குநர்களுள் முதன்மையானவர் கன்னடத்தின் புட்டண்ண கணகால். 1970இல் பட்டாபிராம ரெட்டியின் 'சம்ஸ்காரா' சிருங்கேரிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் படமாக்கப்பட்டிருந்தது. 'வம்சவிருட்சா', 'காடு', 'சோமன துடி' ஆகியவை அடுத்த ஐந்தாண்டுகளுக்குள் வந்தன. '16 வயதினிலே'யும் தொடக்கத்தில் 'மயில்' என்னும் பெயரில், அரசு நிதியுதவியுடன் எடுக்கப்படவேண்டிய ஒரு சிறிய கறுப்பு வெள்ளைப் படமாகவே திட்டமிடப்பட்டது. அந்தத் திட்டம் கைகூடாமல் போனபின் எஸ். ஏ. ராஜ்கண்ணுவின் தயாரிப்பில் வண்ணப்படமாயிற்று. இச்செய்திகளைச் சேர்த்து வாசித்தால், சுயம்புவாகத் தோன்றியதாகச் சொல்லப்படும் படம் ஒரு தென்னிந்திய உரையாடலின் நடுவில் பிறந்தது என்பது புலப்படும். தமிழ்த் திரை வரலாறு தமிழுக்குள்ளேயே எழுதப்படுவதால் இந்த உரையாடல் நம் பாடநூல்களின் கண்ணில் படுவதில்லை.

தமிழிலேயே முன்னோடிகள் இல்லையா? ஓராண்டு முன்னர், 1976இல், 'அன்னக்கிளி' தெங்குமரஹாடா கிராமத்தில் எடுக்கப்பட்டது. இளையராஜாவின் முதல் படம் என்ற ஒற்றை வரிக்குள் அதை அடைத்துவிட்டோம். 1974இல் சிங்கீதம் சீனிவாசராவ் ராஜாஜியின் 'திக்கற்ற பார்வதி'யை, ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியிலேயே படமாக்கினார். ஓசூருக்கு அருகிலுள்ள அவ்வூர் இங்கிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கிறது. குடியால் சிதையும் ஓர் உழவர் குடும்பத்தின் கதை அது; லட்சுமியின் நடிப்பைப் பற்றித் தனியே எழுதவேண்டும். இன்னும் பின்னால் சென்றால் ஜெயகாந்தனின் 'உன்னைப்போல் ஒருவன்' வருகிறது. சென்னைச் சேரி மக்களின் வாழ்வைச் சொன்ன அப்படம் தேசிய விருதுகளில் மூன்றாவது சிறந்த படமாகத் தேர்வு பெற்று, 1965இல் வெளிவந்தது. அது கிராமத்துப் படமன்று என்பது உண்மை. ஆயினும் ஒப்பனையற்ற வெளியும் ஒப்பனையற்ற பேச்சும் 1977இன் கண்டுபிடிப்புகள் என்னும் கூற்றுக்கு அந்த ஒரு படமே போதுமான மறுப்பு.

இரண்டாவது காரணமாகிய பேச்சுக்கு வருகிறேன். என் பயிற்சி மொழியியல் என்பதால் இங்கே சற்று நின்றுதான் பேசவேண்டும். தமிழ் ஓர் இரட்டை வழக்கு மொழி: எழுதும் தமிழும் பேசும் தமிழும் தத்தம் களங்களைப் பிரித்துக்கொண்டவை. 1952இன் 'பராசக்தி'யில் குணசேகரன் நீதிமன்றத்தில் பேசும் தமிழ் உயர்வழக்கின் உச்சம். அதை வைத்து அக்காலப் படங்கள் அனைத்தும் அப்படியே பேசின என்று முடிவுகட்டுவது பிழை. ஐந்தே ஆண்டுகளில், 1957இல், கே. சோமு இயக்கி ஏ. பி. நாகராஜன் எழுதிய 'மக்களைப் பெற்ற மகராசி'யில் அதே சிவாஜி கணேசன் கொங்குத் தமிழ் பேசும் உழவனாக நடித்தார். நகைச்சுவைப் பாத்திரத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்த வட்டார வழக்கைக் கதாநாயகனே படம் முழுதும் பேசினான் என்பது மொழி வரலாற்றில் சிறிய நிகழ்வன்று. 1972இன் 'பட்டிக்காடா பட்டணமா'வில் சோழவந்தான் மூக்கையன் வந்தான். தமிழ்ப் பேச்சுக்கென ஒரு பொதுத் தரம் உருவாவதில் திரைப்படத்துக்கும் நாடகத்துக்கும் பங்குண்டு என்று ஹெரால்ட் ஷிஃப்மன் வாதிட்டிருக்கிறார். அந்தப் போக்கின் தடயங்களை 1977க்கு முந்தைய படங்களிலேயே காணலாம்.

இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு, அப்படங்களில் வட்டார வழக்கு ஒரு வேடமாகத்தான் இருந்தது என்பது. சிவாஜி என்னும் பெரு நடிகர் அணிந்து கழற்றிய பல உடைகளுள் அதுவும் ஒன்று என்பர். இதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் அவ்வாறு சொல்லும்போது விவாதம் இடம் மாறிவிடுகிறது. யார் முதலில் பேசினார் என்ற கேள்வி போய், எந்த வழக்கு எந்த வாயில் வைக்கப்பட்டது, அதனால் என்ன நேர்ந்தது என்ற கேள்வி வருகிறது. '16 வயதினிலே'யின் உண்மையான புதுமை இந்த இரண்டாம் கேள்விக்குள்தான் இருக்கிறது.

மயிலை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு முடித்தவள், ஆசிரியையாக விரும்புகிறவள், படித்த கணவனை எதிர்பார்ப்பவள். அவளுடைய ஏக்கம் ஓர் ஆளின் மீது எழுவதற்கு முன்பே ஒரு பேச்சின் மீது எழுந்துவிடுகிறது. நகரத்திலிருந்து வரும் கால்நடை மருத்துவர் அந்தப் பேச்சோடு வருகிறார். அவருக்காகவே ஆசிரியப் பயிற்சி வாய்ப்பையும் அவள் கைவிடுகிறாள். ஏமாற்றும் நகரத்தானும் ஏமாறும் கிராமத்துப் பெண்ணும் பழைய உணர்ச்சி நாடகத்தின் தேய்ந்த சரக்கு. கதையளவில் இப்படம் எதார்த்தவாதத்தைவிட அந்த மரபுக்கே நெருக்கமானது என்று துணிந்து சொல்வேன். ஆனால் அம்மரபில் திருந்திய பேச்சு பெரும்பாலும் நல்லவனுக்கும் கொச்சைப் பேச்சு கேலிக்குரியவனுக்கும் உரியன. இங்கே அந்தப் பங்கீடு தலைகீழாகிறது. படித்த பேச்சு வஞ்சகத்தின் பக்கம் நிற்கிறது. பரட்டையின் கொடூரம் ஊர்ப் பேச்சிலேயே ஒலிப்பதால், ஊர்ப் பேச்சு புனிதமாக்கப்படவும் இல்லை. மண்வாசனை என்று நெகிழ்பவர்கள் இந்த இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது பெயர். சப்பாணி என்பது உடற்குறையைச் சுட்டி ஊர் ஒட்டிய பட்டம். அவனுக்குக் கோபாலகிருஷ்ணன் என்று ஒரு பெயர் இருக்கிறது. இனி யார் சப்பாணி என்று அழைத்தாலும் அறைந்துவிடு என்று மயில் சொல்லித் தருகிறாள்; அவன் பரட்டையை அறைகிறான், மருத்துவரையும் அறைகிறான். இருவருக்கும் ஒரே தண்டனை கிடைப்பதைக் கவனிக்கவேண்டும். ஊரானும் நகரத்தானும் வேறு வேறு வழக்குகளில் பேசினாலும், அழைக்கும் சொல்லில் ஒரே இழிவைத்தான் செய்கிறார்கள். விளிச்சொல் வழியாகச் சமூக மதிப்பு எவ்வாறு பகிரப்படுகிறது என்று வகுப்பில் விளக்க இதைவிடத் தெளிந்த எடுத்துக்காட்டு நம் திரையில் எனக்குத் தென்பட்டதில்லை. ஆயினும் இக்காட்சியைப் பற்றி எழுதியவர்கள் கமல்ஹாசனின் நடையையும் கோவணத்தையும் வர்ணித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் அந்த ஒருமித்த கருத்து எங்கிருந்து வந்தது? 1978இல் 'கிழக்கே போகும் ரயில்', 'முள்ளும் மலரும்'; 1979இல் 'உதிரிப்பூக்கள்'. அலை எழுந்தபின் அதற்கொரு தொடக்கப்புள்ளி தேவைப்பட்டது. வணிக வெற்றி பெற்ற படம் அந்த இடத்தில் அமர்த்தப்பட்டது. இதைவிட எளிய காரணம் ஒன்றும் உண்டு. '16 வயதினிலே' தொலைக்காட்சியிலும் இணையத்திலும் என்றும் கிடைக்கிறது. 'உன்னைப்போல் ஒருவ'னைப் பார்த்த மாணவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. கிடைப்பதைக் கொண்டு வரலாறு எழுதுகிறோம், கிடைக்காததை நிகழாததாக்கிவிடுகிறோம்.

மண் என்னும் அளவுகோல் எனக்கு வேறொரு வகையிலும் உறுத்துகிறது. நான் வசிக்கும் ஜீவனஹள்ளியும் சுற்றியுள்ள பழைய தண்டுப் பகுதியும் தலைமுறைகளாகத் தமிழ் பேசுகின்றன. கன்னடமும் தெலுங்கும் தக்கனியும் கலந்த இந்தத் தமிழைக் கருத்தரங்குகளில் கலப்பு என்றே குறிப்பிடுகிறார்கள். வட்டார வழக்கு என்ற தகுதி அதற்கு அரிதாகவே கிட்டுகிறது. எல்லைக்கு இப்பால் எடுத்த வயலைத் தமிழ் மண் என்று கொண்டாடத் தயங்காத விமர்சனம், எல்லைக்கு இப்பால் பேசும் தமிழைக் காதில் வாங்கத் தயங்குவது ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது.

அடுத்த பருவத்தில் 1957 முதல் 1977 வரையிலான பத்துப் படங்களின் உரையாடல்களைப் பெயர்த்தெழுதி, பாத்திரவாரியாக வழக்குகளைக் குறிக்கும் பணியைத் தொடங்குகிறேன். 'திக்கற்ற பார்வதி', 'உன்னைப்போல் ஒருவன்' ஆகியவற்றின் பாட்டுப் புத்தகமோ, வெளியானபோது வந்த மதிப்புரையோ, ஒலிப்பதிவோ வைத்திருப்போர் உள்பெட்டியில் தெரிவித்தால் நேரில் வந்து படியெடுத்துக்கொள்கிறேன்.