பச்சை இறகில் பதினொரு புள்ளி

போன வாரம் என் தங்கச்சி ஒரு வாட்ஸ்ஆப் மெசேஜை ஃபார்வர்ட் பண்ணியிருந்தா. அவ களிமண்ணுல கட்டைவிரல் அளவுக்கு தோசைக்கல், டபரா செட், இட்லிப் பானை எல்லாம் செஞ்சு இன்ஸ்டாகிராம்ல விக்கிறா. ஒரு பீஸ் 180 ரூபாய். ஒரு கிஃப்ட் கடைக்காரர் 300 பீஸ் கேட்டிருக்கார். பீஸுக்கு 45 ரூபாய் தருவாராம், ஆனா அவ பேர் எங்கேயும் இருக்கக் கூடாதாம். "என்னண்ணா சொல்ற?"ன்னு கேட்டா. எனக்குத் தெரிஞ்சது கோடு எழுதுறது மட்டும்தான். அதனால நான் எப்பவும் பண்றதையே பண்ணேன். இதே கேள்வியில முன்னாடி யார் மாட்டியிருக்காங்கன்னு தேடினேன்.

ஜெர்மனியில் சாக்சனி மாநிலத்தின் தென்கோடி, செக் எல்லையை ஒட்டி ஒரு மலைத்தொடர். ஏர்ட்ஸ்கெபிர்கே என்று பெயர். தமிழில் சொன்னால் தாதுமலை. வெள்ளியும் தகரமும் தோண்டி வாழ்ந்த ஊர்கள். தாது குறையக் குறைய, சுரங்கத் தொழிலாளிகள் பக்கத்துக் காட்டு மரத்தை எடுத்துக் கடைசல் வேலைக்குப் போனார்கள். ஸைஃபன் என்ற கிராமத்தில் இன்றைக்கும் ஒரு முறை இருக்கிறது. ஈரமான ஸ்ப்ரூஸ் மரத்தில் ஒரு வட்டத்துண்டை வெட்டி, லேத்தில் வளையமாகக் கடைகிறார்கள். கடையும்போது பார்த்தால் ஏதோ மேடுபள்ளமான வளையம், அவ்வளவுதான். அப்புறம் கேக் வெட்டுற மாதிரி கத்தி வைத்துப் பிளந்தால், ஒவ்வொரு துண்டிலும் மாட்டின் பக்கத்தோற்றம், குதிரையின் பக்கத்தோற்றம்! பிளக்கிற வரைக்கும் கடைகிறவருக்கே உருவம் கண்ணில் படாது, எல்லாம் கைக்கணக்கு. கம்பைல் பண்ணாமலே ஆயிரம் வரி எழுதுறவங்க!

இவ்வளவு திறமை இருந்தும் அந்த வீடுகளில் வறுமைதான். காரணம், நடுவில் இருந்த மொத்த வியாபாரி. பொம்மையை அறுபது அறுபதாக எண்ணி வாங்கி, வெளிநாடு வரைக்கும் அனுப்பினார். விலையை அவர் சொல்வார். சாமானில் செய்தவர் பேர் இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் குறைவாகக் கேட்டால் ஆர்டர் அங்கே போய்விடும். விலை இறங்க இறங்க, வயிற்றுக்காகக் குழந்தைகளும் ராத்திரி உட்கார்ந்து சாயம் பூசினார்கள். அந்த 45 ரூபாய் மெசேஜ் எனக்கு இங்கேதான் ஞாபகம் வந்தது.

இதே மலைப்பகுதியில் க்ரூன்ஹைனிஷென் என்ற ஊர்க்காரர் க்ரேட்டே வென்ட், 1887-ல் பிறந்தவர். ட்ரெஸ்டன் கலைத்தொழில் பள்ளியில் படித்தார். 1915-ல், உலகப்போர் நடுவில், கூடப் படித்த மார்கரெட்டே க்யூனோடு சேர்ந்து ஒரு பட்டறை தொடங்கினார். வென்ட் & க்யூன். ரெண்டு இளம்பெண்கள், ரெண்டு பேரோட பேரும் போர்டில். இந்தப் பேர் விஷயத்தை நான் சின்னதா நினைக்கல.

க்யூன் 1920-ல் விலகிவிட்டார். அதே வருஷம் ஒல்லி ஸோமர் என்ற ஓவியர் வந்தார். பின்னாடி க்ரேட்டேயின் சகோதரரைக் கல்யாணம் செய்துகொண்டு அந்தக் குடும்பத்திலேயே ஒருவரானார். 1923-ல் க்ரேட்டே வாத்தியம் வாசிக்கும் குட்டி தேவதைகளை வடிவமைத்தார். லேத்தில் நேரான, உருண்டையான உருவம்தான் வரும். கை எப்படி மடங்கும்? கடைந்த துண்டைச் சாய்வாக அறுத்து, திருப்பி ஒட்டினார்கள். உடனே முழங்கை மடங்குது, தலை சாயுது! பச்சை இறகில் மொத்தம் 11 வெள்ளைப் புள்ளிகள், கையால் வைத்தவை. அந்தப் புள்ளிகள் பிறகு வணிக முத்திரையே ஆகிவிட்டன.

வியாபாரமா பார்த்தா இன்னொரு புத்திசாலித்தனமும் இருக்கு. ஒரு தேவதை வயலின், ஒன்று புல்லாங்குழல், ஒன்று மேளம் என்று கச்சேரி முடிவதே இல்லை. நம்ம வீட்டுக் கொலுவுக்கு வருஷா வருஷம் புதுசா ஒரு பொம்மையாவது வாங்கணும் இல்லையா, அதே மாதிரி. ஒன்று வாங்கினவர் திரும்பி வருவார். 1937 பாரிஸ் கண்காட்சியில் இவர்களின் தேவதைகளுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

இதையெல்லாம் முழு வெற்றிக்கதையா சொல்ல எனக்கு மனசு வரல. க்ரேட்டே படித்தவர், கலைப்பள்ளி வாசல் அவருக்குத் திறந்தது. ஸைஃபனில் ராத்திரி சாயம் பூசிய குழந்தைக்கு அந்த வாசல் எங்கே இருந்ததுன்னே தெரியாது. அதோடு, பேரை நீங்க காப்பாத்தினாலும் அரசாங்கம் பிடுங்கலாம். 1972-ல் கிழக்கு ஜெர்மனி இந்தப் பட்டறையை அரசுடைமையாக்கியது. பட்டறைக்குப் புதுப் பேர். பொம்மைகள் பழைய வடிவத்திலேயே வந்துகொண்டிருந்தன. 1979-ல் க்ரேட்டே இறந்தபோது அவர் பேர் போர்டில் இல்லை. 1990-ல்தான் குடும்பத்துக்குத் திரும்பக் கிடைத்தது.

இந்த எபிசோடை ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடியே தங்கச்சிக்குப் படிச்சுக் காட்டினேன். அவ கடைக்காரருக்குப் பதில் அனுப்பிட்டா: 100 பீஸ், பீஸுக்கு 120, ஒவ்வொண்ணுக்கும் அடியில என் முத்திரை இருக்கும். ரெண்டு ப்ளூ டிக் விழுந்திருக்கு. இன்னும் பதில் வரல.