சைக்கிள் டைனமோவில் ஓடிய பொப்

ஒரு பாட்டைக் கசற்றில கேட்கிறதா, மேடைக்கு முன்னால நின்று கேட்கிறதா, எது உண்மையான பாட்டு? எங்களுக்குள்ள இந்தச் சண்டை அடிக்கடி வரும். இந்த முறை 'சுராங்கனி'யால வந்தது. கிளிநொச்சியில ஒரு கலியாண வீடு. டீஜே அந்தப் பாட்டைப் போட, நாங்கள் ஆட எழும்பினம். பக்கத்தில இருந்த ஒரு பெரியப்பா சிரிச்சார். "நீங்கள் பட்டனை அமத்துறியள். நாங்கள் இதுக்குக் கை நோகச் சுத்தினனாங்கள்."

அவர் சொன்னது விளங்க, கொஞ்சம் பின்னால போகவேணும்.

நாங்கள் பொப் என்றும் துள்ளிசை என்றும் சொல்லும் பாட்டுகளுக்கு வேர் பைலா. போர்த்துக்கேயர் காலத்தில் காப்பிரியரும் சேர்ந்து வளர்த்த ஆட்டப்பாட்டு அது. 1940களில் பொலிஸ்காரரான வொலி பஸ்டியன் அதைச் சிங்களத்தில் மேடைக்கு ஏற்றினார். அவருடைய வாத பைலாவில் இரண்டு பாடகர்கள் எதிரெதிரே நின்று, அந்த இடத்திலேயே வரி கட்டிப் பாடுவார்கள். மெட்டு ஒன்று, சொல் மட்டும் சபைக்குச் சபை மாறும்.

தமிழில் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றவர்கள் இந்தத் துள்ளலைப் பிடித்தார்கள். பிறகு இசைத்தட்டு வந்தது. ஒரு பக்கத்துக்குச் சில நிமிடம்தான். சொல் உறைந்துவிட்டது, சபையின் குரல் போய்விட்டது. ஆனால் பாட்டுக்குக் கால் முளைத்தது. சிங்களமும் தமிழும் கலந்த 'சுராங்கனி' கடல் கடந்து, 1977இல் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' படம் வரைக்கும் போனது. எந்த மேடையும் அவ்வளவு தூரம் நடக்காது.

வன்னிக்கும் அந்தப் பாட்டு கசற்றாகத்தான் வந்தது. 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதும் ஏ9 பாதை அடைபட்டது. மின்சாரம் இல்லை. பற்றரியும் தடைப் பொருள். கொழும்பு மேடைக்காரர் வர வழியேது?

சனம் சைக்கிளைக் கவிட்டு வைச்சது. ஒருவர் பெடலைக் கையால சுத்த, டைனமோவில இருந்து வயர் றேடியோவுக்குப் போகும். சுத்துற கை களைச்சால் பாட்டு இழுபடும். உடனே மற்றவர் மாறுவார். ஒரு பாட்டுக்கு இரண்டு மூன்று பேர். சுற்றிவர அயல் முழுக்க. எந்தப் பாட்டு முதலில், எதைத் திருப்பிப் போடுவது என்பதெல்லாம் அங்கேயே முடிவாகும்.

இதை வெறும் 'பதிவு கேட்டது' என்று சொல்ல எங்களால ஏலாது. தாளத்தின் வேகம் சுத்துறவரின் கையில இருந்தது. கேட்ட சனமே வாத்தியக்காரரும் ஆனது. மேடை வராத ஊர், கசற்றையே மேடையாக்கியது.

2002 பெப்ரவரியில் பாதை திறந்தது. சீடி வந்தது, பிறகு போன் வந்தது. இப்ப பாட்டு தெளிவாகக் கேட்குது. ஆளுக்கொரு இயர்போன், தனித்தனியாக.

மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். எங்கட பெரியப்பா அவரை மேடையில ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் எந்த இடத்தில பாட்டு இழுபட்டது, அப்ப யார் கை மாறினது என்று இன்னும் சொல்லுவார். மனோகரனின் குரல் எப்பவும் தேடினால் கிடைக்கும். அந்த முற்றங்களின் சத்தத்தை யாரும் பதிந்து வைக்கவில்லை. அது சுத்தினவையின் நினைவில மட்டும்தான் இருக்கு.

இண்டைக்கே வீட்டில கேளுங்கோ: சைக்கிளைச் சுத்தினது ஆர்?